ஹோர்ஸ்ட்டா, மன்ஃப்ரெட்டா, யூர்கனா? ஒரு ஜெர்மன் கதாபாத்திரத்துக்குப் பெயர் தேடியது

ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1985இன் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய இளைஞன் ஒருவன் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். அந்த ஆண்டுகளில் ஈழத்தமிழர் பலர் மேற்கு ஜெர்மனிக்குள் போன வழி அதுதான். கிழக்கு ஜெர்மனி இடைவழி விசா கொடுத்தது. ஷோனஃபெல்டில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் நுழைந்துவிடலாம். நகரைப் பிரித்த கோட்டை மேற்குத் தரப்பு எல்லை என்றே ஏற்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது.

விமான நிலையத்தை ஒட்டிய ரயில் நிலையத்தில் அந்த இளைஞன் எந்த நடைமேடைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறான். சீருடை போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர் அவனிடம் வருகிறார். வயது நாற்பத்து நான்கு. கதை முழுக்க வரப்போகிறவர் இவர். இவருக்குப் பெயர் வைக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் வரைவில் அவர் ஹைன்ரிஷ். ஜெர்மன் என்றதும் நம் மனதில் முதலில் வந்து நிற்கிற பெயர்களில் ஒன்று. பெர்லினில் பல வருடங்களாக இருக்கும் நண்பர் ஒருவர் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: “இவர் எப்போது பிறந்தவர்?” 1941 என்றேன். “அப்படியென்றால் ஹைன்ரிஷ் இவருடைய தாத்தாவாக இருக்கும்” என்றார்.

ஒரே வரிதான், ஆனால் என் தேடலின் திசையே மாறிவிட்டது. ஜெர்மன் ஆண் பெயர்களில் நாட்டைவிட, மதத்தைவிட, முதலில் தெரிவது பிறந்த ஆண்டு. நமக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. கோவிந்தசாமி என்றால் ஒரு வயது, ரமேஷ் என்றால் ஒரு வயது, தர்ஷன் என்றால் ஒரு வயது. ஆனால் வேற்று நாட்டுக் கதாபாத்திரம் என்று வரும்போது இதை மறந்துவிடுகிறோம். போர்ப் படங்களில் கேட்ட ஓட்டோ, ஃப்ரிட்ஸ், ஹைன்ரிஷ் மூன்றையும் எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்துகிறோம்.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஜெர்மனி நான்கு முறை உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. 1954இல் கோப்பையை வாங்கிய தலைவர் ஃப்ரிட்ஸ் வால்டர், 1974இல் ஃப்ரான்ட்ஸ் பெக்கன்பாவர், 1990இல் லோதார் மத்தேயுஸ், 2014இல் ஃபிலிப் லாம். 1920, 1945, 1961, 1983 என்ற பிறந்த ஆண்டுகளைச் சொல்லாவிட்டாலும் ஒரு ஜெர்மானியர் அந்த நான்கு பெயர்களையும் சரியான வரிசையில் அடுக்கிவிடுவார். என் கதை நடக்கும் கிழக்கு ஜெர்மனியின் தலைவர்களும் அப்படித்தான்: 1876இல் பிறந்த வில்ஹெல்ம் பீக், 1893இல் பிறந்த வால்டர் உல்ப்ரிஷ்ட், 1912இல் பிறந்த எரிஷ் ஹொனெக்கர், 1937இல் பிறந்த ஈகோன் க்ரென்ட்ஸ். கொள்கை ஒன்றே, பெயர்கள் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

ஆகவே பட்டியலை 1941ஐச் சுற்றி வெட்டினேன். அந்தக் காலத்தில் மிகப் பரவலாக இருந்தவை ஹான்ஸ், க்ளவுஸ், பீட்டர், யூர்கன், மன்ஃப்ரெட், வோல்ஃப்காங், டீட்டர், ஹோர்ஸ்ட், குந்தர், ஊவே. இவற்றில் சில உடனே விழுந்தன. பீட்டர் எந்த நாட்டுக்கும் பொருந்தும், அதனாலேயே எனக்கு உதவாது. வோல்ஃப்காங் என்றால் நம் வாசகருக்கு மோட்ஸார்ட் மட்டும்தான் நினைவுக்கு வருவார், தவிர ஒரு பக்கத்தில் பத்து முறை வோல்ஃப்காங் என்று படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஊவே வடகடல் ஓரத்துப் பெயர். நாற்பதுகளில் நாடு முழுக்கப் பரவியது என்றாலும் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. ஊவே, ஹவுக்க, ஸொன்க எல்லாம் ஆண் பெயர்கள். தமிழ்க் காதுக்கு அப்படிப் படாது. ஹைக்கோ ஆண், ஹைக்க பெண். ஆந்த்ரேயாஸ் ஆண், ஆந்த்ரேயா பெண். பெயரைப் பார்த்ததும் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்பதில் ஜெர்மன் பதிவாளர்களே நீண்டகாலம் கண்டிப்பாக இருந்தார்கள். 2008இல் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு பெண் குழந்தைக்கு வைக்க விரும்பிய பெயர், நமக்கு நன்றாகத் தெரிந்த கிரண்.

மிஞ்சியவை நான்கு: ஹான்ஸ், ஹோர்ஸ்ட், மன்ஃப்ரெட், யூர்கன். ஸீக்ஃப்ரீட் கொஞ்ச நாள் ஐந்தாவதாக இருந்தது.

இந்த இடத்தில் நானே எனக்குப் போட்டுக்கொண்ட கேள்வி: பெயர் வைத்தது யார்? கதாபாத்திரத்தின் குணத்துக்கு ஏற்ற பெயர் தேடுவது நம் பழக்கம். நல்லவனுக்கு அமைதி என்று பொருள்படும் பெயர், முரடனுக்கு ஓநாய் என்று பொருள்படும் பெயர். நிஜத்தில் யாருக்கும் குணம் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, குணம் தெரிவதற்கு முன்பே வைத்துவிடுகிறார்கள். பெயரில் தெரிவது அப்பா அம்மாவின் ஆசை, பயம், ஊர், கோயில், அரசியல். தவிர, ஸீக்ஃப்ரீட் என்பதில் வெற்றியும் அமைதியும் இருப்பதை ஜெர்மன்காரர்கள் அன்றாடம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நாம் செல்வராஜைக் கூப்பிடும்போது செல்வத்தையும் ராஜாவையும் நினைக்காதது போலத்தான்.

என் ஆளின் பெற்றோரை அதற்கு முன்பே ஓரளவு உருவாக்கி வைத்திருந்தேன். ஊர், காட்புஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். லவுசிட்ஸ் என்ற பகுதி. ஸோர்ப் என்ற ஸ்லாவிய சிறுபான்மையினர் பல நூற்றாண்டுகளாக வாழும் இடம். (தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழ் கற்று அச்சேற்றிய சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் ஊரும் லவுசிட்ஸில்தான் இருக்கிறது. இதை முதலில் கவனித்தபோது எனக்குச் சின்ன சந்தோஷம்.) குடும்பம் லூத்தரன் சபை. எனவே ஃப்ரான்ட்ஸ் ஸேவர், அலோயிஸ், கோர்பினியன் போன்ற பவேரியக் கத்தோலிக்கப் பெயர்களுக்கு வழியே இல்லை. அப்பா ரயில்வே பட்டறையில் தச்சர். மகன் பிறக்கும்போது அவர் போர்முனையில்.

சரி, ஹோர்ஸ்ட். கதை எழுதுகிறவனை இழுக்கிற பெயர் இது. பெர்லினில் 1930இல் சுட்டுக் கொல்லப்பட்ட நாஜிப் படைக்காரன் ஹோர்ஸ்ட் வெஸ்ஸலைக் கட்சி தியாகியாக்கியது. அவன் எழுதிய பாட்டு கட்சிகீதமாகி, 1933க்குப் பிறகு தேசிய கீதத்தோடு சேர்த்துப் பாடப்பட்டது. அந்தப் பத்தாண்டில் ஏராளமான ஹோர்ஸ்ட்கள் பிறந்தார்கள். 1941இல் பிறந்தவருக்கு ஹோர்ஸ்ட் என்று வைத்தால், அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று ஒரு ஜெர்மன் வாசகர் ஒரு நொடியாவது யோசிப்பார். அது நியாயமான யோசனை அல்ல. வெஸ்ஸல் சாவதற்கு முன்பே பரவத் தொடங்கிய பெயர் அது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைத்திருக்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது என்று வைத்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். 1943இல் பிறந்த ஹோர்ஸ்ட் கோலர் பின்னால் ஜெர்மனியின் குடியரசுத் தலைவரானார். ஆனாலும் என் கதையில் அந்த நொடி யோசனைக்குப் பதில் சொல்ல இடம் இல்லை. அப்பாவின் கட்சியைப் பற்றிப் பேசாத கதையில் ஹோர்ஸ்ட் என்ற பெயர் பதில் இல்லாத கேள்வியாக நின்றுவிடும். போருக்கும் அப்பாவுக்கும் கணக்குத் தீர்க்கிற கதையை நீங்கள் எழுதினால் ஹோர்ஸ்ட்டைவிடச் சரியான பெயர் கிடைப்பது கடினம்.

ஸீக்ஃப்ரீடில் இன்னும் ஆழமான ஒரு மடிப்பு இருக்கிறது. பழைய வீரகாதையின் நாயகன் பெயர், அதனால் தேசியவாதிகளுக்குப் பிடித்த பெயர் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்னும் பின்னும் அதை விரும்பி வைத்தவர்களில் ஜெர்மன் யூதக் குடும்பங்கள் நிறையப் பேர். நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று சொல்லும் ஆசை அதில் இருந்தது. ஆகஸ்ட் 1938இல் ஓர் ஆணை வந்தது. அரசு தயாரித்த யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள், 1939 ஜனவரி 1 முதல் தங்கள் பெயரோடு இஸ்ரேல் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்; பெண்களாக இருந்தால் சாரா. ஸீக்ஃப்ரீட் என்று மகனுக்கு ஆசையாக வைத்த ஒரு தாய், அவனது அடையாள அட்டையில் ஸீக்ஃப்ரீட் இஸ்ரேல் என்று அரசு எழுதித் தருவதைப் பார்த்திருப்பாள். அதைப் படித்த பிறகு, ரயில் நிலையத்தில் வழி காட்டுகிற மனிதருக்கு அந்தப் பெயரை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்குத் தனிக் கதை வேண்டும்.

ஹான்ஸில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1941க்குப் பொருந்தும், லவுசிட்ஸுக்கும் பொருந்தும், தமிழில் எழுதவும் எளிது. ஆனால் நம் வாசகர் எத்தனையோ ஹான்ஸ்களைப் பார்த்துவிட்டார். பெயரைப் படித்ததும் ஒரு முகம் வர வேண்டும். ஹான்ஸ் என்றால் வருவது ஒரு தொப்பி மட்டும்தான்.

கடைசிப் போட்டி மன்ஃப்ரெட்டுக்கும் யூர்கனுக்கும்.

மன்ஃப்ரெட் கனமான பெயர். முதல் உலகப் போரின் விமானி மன்ஃப்ரெட் ஃபொன் ரிஷ்ட்ஹோஃபனின் புகழ் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனிக்கு மிகவும் சொந்தமான ஒரு மன்ஃப்ரெட்டும் உண்டு, நடிகரும் பாடகருமான மன்ஃப்ரெட் க்ரூக். 1937இல் பிறந்தவர், அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த முகம், 1977இல் மேற்குக்குப் போய்விட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது அதன் செல்லப்பெயர். நண்பர்கள் மன்ஃப்ரெட்டை ‘மன்னே’ என்று கூப்பிடுவார்கள். அது ஒரு யாழ்ப்பாணத்து இளைஞனின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். நடைமேடையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் “மன்னே!” என்று கத்துகிறான். இவன் திரும்பிப் பார்க்கிறான், யார் இங்கே ராஜா என்று. இந்த ஒரு காட்சிக்காகவே மன்ஃப்ரெட்டை மூன்று வாரம் வைத்திருந்தேன்.

யூர்கன், கேயோர்க் என்ற பெயரின் வடஜெர்மன் வடிவம். நம்மூர் ஜார்ஜேதான். 1974 உலகக் கோப்பையில் கிழக்கும் மேற்கும் ஹம்பர்க் நகரில் மோதியபோது, கிழக்குக்காக ஒரே கோலைப் போட்டு ஜெயிக்க வைத்தவர் யூர்கன் ஷ்பார்வாஸர். 1948இல் பிறந்தவர். ஆக, இந்தப் பெயருக்குக் காலமும் நாடும் சரியாக இருக்கிறது. எந்தக் கட்சியும் சாதனையும் இதில் ஒட்டவில்லை. 1941இல் தனியாக இருந்த ஒரு தாய், புருஷனுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பக்கூடிய சாதாரணப் பெயர்.

இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்தேன். வேற்றுமொழிப் பெயரைத் தமிழில் வைக்கும்போது செய்யவேண்டிய முதல் வேலை இது என்று இப்போது நினைக்கிறேன். பெயரைத் தனியாக எழுதிப் பார்த்தால் போதாது. வேற்றுமை உருபு சேர்த்து எழுத வேண்டும். மன்ஃப்ரெட்டை, மன்ஃப்ரெட்டுக்கு, மன்ஃப்ரெட்டிடமிருந்து. ஹோர்ஸ்ட்டை, ஹோர்ஸ்ட்டுக்கு, ஹோர்ஸ்ட்டோடு. ஒவ்வொரு முறையும் நாக்கு ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது. யூர்கனை, யூர்கனுக்கு, யூர்கனோடு. முருகனை, முருகனுக்கு, முருகனோடு. வித்தியாசமே இல்லை. ‘ன்’ என்று முடியும் ஆண் பெயருக்குத் தமிழ் இலக்கணம் முன்பே வீடு கட்டி வைத்திருக்கிறது. இருநூறு பக்கக் கதையில் ஒரு பெயர் எழுநூறு எண்ணூறு முறை வரும். அத்தனை முறையும் வாசகரைத் தடுக்காத பெயர் என்றால் அது பெரிய விஷயம்.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்தால் இவர் ஜூர்ஜன் ஆகிவிடுவார். ஜெர்மனில் ஜே எழுத்து யகரம், டபிள்யூ வகரம், வீ பெரும்பாலும் ஃபகரம், இசட் என்றால் ட்ஸ். யென்ஸ், வெர்னர், ஃபோல்கர், ஃப்ரிட்ஸ் என்று கேட்டபடி எழுதினால் போதும். சில இடங்களில் தமிழ் ஆங்கிலத்தைவிட நெருக்கமாக இருக்கிறது. ஜெர்மன்காரர் பவுல் என்றுதான் சொல்கிறார், நம் வேதாகமத்திலும் பவுல்தான். அதைப் பால் என்று எழுதி ஏன் கெடுக்க வேண்டும்? எதிர்ப்பக்கமும் உண்டு. ‘கை’ என்று ஓர் அழகான வடஜெர்மன் பெயர் இருக்கிறது. கையின் கையை யாரோ பிடித்தார் என்று தமிழில் எழுத முடியாது.

குடும்பப் பெயரை நான் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அது தவறு. 1985இல் நாற்பத்து நான்கு வயது ரயில்வே ஊழியர் ஒருவர் முன்பின் தெரியாதவனிடம் “நான் யூர்கன்” என்று சொல்ல மாட்டார். நெஞ்சைத் தொட்டுக் குடும்பப் பெயரைத்தான் சொல்வார். முதல் பெயர் வருவது நீங்கள் போய் நீ வரும்போது. அவர்கள் மொழியிலும் நமக்கு இருப்பது போலவே இரண்டு வகை விளிப்பு உண்டு. மரியாதை விளிப்பிலிருந்து இறங்கி வரலாம் என்று பெரியவர் முன்வந்து சொல்வது அங்கே ஒரு சின்னச் சடங்கு. எனவே கதையின் முதல் பாதி முழுக்க அவர் குடும்பப் பெயரில்தான் நடமாடுவார்.

ம்யூல்லர், ஷ்மிட் இரண்டும் எங்கும் இருப்பவை. ஹான்ஸன், பீட்டர்ஸன் என்றால் டென்மார்க் எல்லைப் பக்கம். ஹேபெர்ல, ஐஸெல என்று ‘ல’வில் முடிந்தால் ஸ்வாபியா. ஹூபர் என்றால் பவேரியா. ‘ஃபொன்’ சேர்த்தால் பழைய பிரபு குடும்பம்; 1919இல் சலுகைகள் போனாலும் ஜெர்மனியில் அந்தச் சொல் பெயரோடு நிலைத்தது, ஆஸ்திரியா அதையும் எடுத்துவிட்டது. லவுசிட்ஸில் நிறைய இருக்கும் பெயர் நோஅக். நோவாக் என்ற ஸ்லாவியப் பெயரின் ஸோர்ப் வழி வந்த வடிவம். பொருள்: ஊருக்குப் புதிதாக வந்தவன். முன்பு சொன்னதுபோல, பொருள் பார்த்துப் பெயர் தேடக் கூடாது என்று முடிவு செய்திருந்தவன் நான். இதை ஊரை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன், பொருள் பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் நடந்தது. நோ, அக் என்று பிரித்து எழுதினால் தமிழில் ஒட்டவில்லை. சேர்த்துச் சொன்னால் நடுவே வகர உடம்படுமெய் தானாக வந்து நோவக் ஆகிறது. ஜெர்மன் வாய் தொலைத்த ‘வ’வைத் தமிழ் வாய் திருப்பிக் கொடுத்துவிட்டது. கதையில் நோவக் என்றே எழுதுகிறேன்.

மகனுக்கும் பெயர் வேண்டியிருந்தது, 1975இல் பிறந்த பையன். இது பத்து நிமிட வேலை. கிழக்கு ஜெர்மனியில் எழுபதுகளில் ரோனி, மைக், என்ரிக்கோ, மாரியோ என்று வெளிநாட்டு ஒலியுள்ள பெயர்கள் பரவின. போக முடியாத தூரங்களைப் பிள்ளையின் பெயரில் வைத்துக்கொண்டார்கள் என்று பலரும் சொல்வார்கள். மைக் என்றால் நமக்கு மேடையில் நிற்பது. ஆகவே ரோனி நோவக். யூர்கன் மகன் ரோனி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே முப்பத்து நான்கு வருடம் தெரிகிறது.

உங்கள் ஆள் வேறு ஊர், வேறு காலம் என்றால் இந்தப் பட்டியல் உதவாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறந்தவரை கெவின் ஆக்கினால், 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று ஆசிரியர்களிடம் கண்ட முன்முடிவையெல்லாம் அவர் சுமக்க வேண்டும். படிப்பு வராத பையன் என்ற முத்திரை அந்தப் பெயரிலேயே குத்தப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் என்றால் ஊர்ஸ், ரேட்டோ. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் என்றால் அகராதி தந்த யோஹான் ஃபிலிப் ஃபப்ரிசியுஸ் போல முன்னால் ஒரு யோஹான் இருக்கலாம், ஆனால் ஊரெல்லாம் யோஹான் என்பதால் அந்தக் காலத்தில் வீட்டில் கூப்பிட்டது பெரும்பாலும் இரண்டாவது பெயரால்தான். இன்று பள்ளிக்குப் போகும் பையன் என்றால் எமில், ஆன்டன், ஓஸ்கர் என்று கொள்ளுத்தாத்தா பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. யூர்கனும் மன்ஃப்ரெட்டும் இன்னும் அப்படித் திரும்பவில்லை.

யூர்கனா மன்ஃப்ரெட்டா என்பதில் என் மனம் இரண்டுபட்டிருந்தபோது முடிவைச் செய்து கொடுத்தது அந்த யாழ்ப்பாணத்து இளைஞன். ஒரு காட்சியில் ஊழியர் தன் முழுப் பெயரை ஒரு சிகரெட் பெட்டியின் அட்டையில் எழுதிக் கொடுக்கிறார், மேற்கு பெர்லினுக்குள் போனதும் கடிதம் போடச் சொல்லி. ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்தவன் அதை எப்படிப் படிப்பான்? சென்னைக்காரனாக இருந்தால் ஜூர்ஜன், ஜுர்கன் என்று தடுமாறுவான். ஆனால் இவன் ஜப்பானை யப்பான் என்றும் ஜோசப்பை யோசப் என்றும் எழுதிப் பழகிய ஊர்க்காரன். ஊரை விட்டு அவனை ஓடவைத்த 1983இன் அந்த மாதத்தை அவன் ஜூலை என்று சொன்னதே இல்லை, யூலை என்றுதான் சொல்வான். ஜெர்மன்காரர்களும் அந்த மாதத்தை யூலி என்கிறார்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கிறான். “யூர்கன்” என்று முதல் தடவையிலேயே சரியாகப் படிக்கிறான். அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

மன்ஃப்ரெட்டை முழுவதுமாக விடவில்லை. பயணச்சீட்டுக் கூண்டில் இருக்கும் இன்னொரு ஊழியருக்கு அந்தப் பெயர். நடைமேடையின் கோடியிலிருந்து “மன்னே!” என்று கத்துவது இப்போது யூர்கன்.